ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைத் தேய்க்கும் பழக்கங்கள்: செட்டிநாட்டில் புதிதாக ஓட்டுவோருக்கு ஒரு வழிகாட்டி

கிளட்சை மிதித்துக் கியர் மாற்றியே பழகியவர்கள் முதன்முறையாக ஆட்டோமேட்டிக் கார் வாங்கும்போது, அதை ஓட்டுவது எளிது என்பதை மட்டும் சொல்லிச் சாவியைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். எப்படி ஓட்டினால் அதன் கியர்பாக்ஸ் சீக்கிரம் தேயும் என்பதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், திருப்பத்தூர் வட்டாரத்தில் வண்டி வைத்திருப்பவர்களுக்காகவும், சென்னையிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ விசேஷத்துக்கு வந்து, ஊர் வீட்டில் பல மாதங்களாக நின்ற வண்டியை எடுத்து ஓட்டுபவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

எந்த வகைக் கியர்பாக்ஸாக இருந்தாலும் அதைத் தேய்ப்பவை இரண்டுதான்: ஒன்றையொன்று பற்ற வேண்டிய பாகங்கள் முழுமையாகப் பற்றாமல் வழுக்கிக்கொண்டே சுழல்வதும், அந்த வழுக்கலால் எழும் வெப்பமும். கீழே வரும் பழக்கங்களில் பெரும்பாலானவை இவற்றில் ஒன்றைக் கூட்டுவதால்தான் கெடுதலாகின்றன. இதை நன்கு பிடித்துக்கொண்டால், இங்கே சொல்லாத ஒரு சூழ்நிலை நேரும்போதும் என்ன செய்வதென்று நீங்களே முடிவெடுக்கலாம்.

முதலில், உங்களிடம் இருப்பது எந்த வகை?

எல்லா ஆட்டோமேட்டிக் வண்டிகளும் ஒன்றல்ல; ஆகவே ஒருவர் தம் வண்டிக்குச் சொல்லும் அறிவுரை உங்கள் வண்டிக்குப் பொருந்தாமல் போகலாம். 2014-இல் மாருதி செலேரியோவில் வந்தபின் நம் நாட்டில் பரவிய ஏ.எம்.டி. என்பது உள்ளே சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சை மிதிப்பதையும் கியரை மாற்றுவதையும் மட்டும் உங்களுக்குப் பதிலாக ஒரு கருவி செய்கிறது. மாருதியின் ஏ.எம்.டி. வண்டிகளில் ‘பி’ என்னும் பார்க்கிங் நிலை இருக்காது. ஆர் (பின்னோக்கிச் செல்ல), என் (நியூட்ரல்), டி (முன்னோக்கிச் செல்ல), எம் (நாமே கியர் மாற்றும் மேனுவல் நிலை) மட்டுமே இருக்கும். இன்னோவா கிரிஸ்டா, இப்போதைய எர்டிகா போன்றவற்றில் இருப்பது டார்க் கன்வர்ட்டர். எதிரெதிரே வைத்த இரண்டு மின்விசிறிகளில் ஒன்றைச் சுழற்றினால் அதன் காற்றில் மற்றொன்றும் சுழல்வதைப் போல, இன்ஜின் சுழற்றும் ஆயிலின் வேகம் இதில் கியர்பாக்ஸைச் சுழற்றுகிறது. ஹோண்டா சிட்டியின் பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் உள்ள சி.வி.டி.யில் தனித்தனிக் கியர்கள் கிடையாது. அகலம் மாறும் இரண்டு கப்பிகளுக்கிடையே ஓர் எஃகு பெல்ட் ஓடுகிறது. வென்யூவின் டர்போ பெட்ரோல், விர்டஸின் 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல் முதலிய வண்டிகளில் வரும் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸில் ஒற்றைப்படைக் கியர்களுக்கு ஒன்றும் இரட்டைப்படைக் கியர்களுக்கு ஒன்றுமாக இரண்டு கிளட்சுகள் உள்ளன. இந்த வண்டிகளில் அவை ஆயிலில் நனையாமல் காற்றால் மட்டுமே குளிரும் உலர் கிளட்சுகள் என்பதை நினைவில் வையுங்கள். ஊர்ந்து செல்லும் நெரிசலைப் பற்றிப் பேசும்போது இது மிகவும் முக்கியமாகும்.

அடுத்து, இடது காலை ஓய்வாக வைக்கப் பழகுங்கள்

மேனுவல் வண்டியிலிருந்து வருபவரின் இடது கால், தடுமாற்றமான நேரத்தில் கிளட்ச் இருந்த இடத்தைத் தேடும். அங்கே அகலமான பிரேக் மிதி இருப்பதால் வண்டி குலுங்கி நிற்கும். அது ஆபத்து என்பது ஒருபுறமிருக்க, இடது காலைப் பிரேக்கின் மேல் லேசாக வைத்தபடியே வலது காலால் ஆக்சிலேட்டரை அழுத்துபவர்களும் இருக்கிறார்கள். பிரேக் பிடித்திருக்கும்போது இன்ஜின் கொடுக்கும் சக்தி வீணாகி, பிரேக்கிலும் டார்க் கன்வர்ட்டரின் ஆயிலிலும் வெப்பமாக இறங்குகிறது. இரண்டு மிதிகளுக்கும் வலது கால் ஒன்றே போதும். இடது காலை அதற்கென உள்ள மேடையில் ஊன்றி வைத்துக்கொண்டு, காலியான தெருவில் ஒரு வாரம் ஓட்டிப் பழகியபின் கடைத்தெருப் பக்கம் வாருங்கள்.

அதே பயிற்சியில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வண்டி முழுமையாக நின்றபின்தான் டி-யிலிருந்து ஆர்-க்கோ, ஆர்-இலிருந்து டி-க்கோ மாற்ற வேண்டும். ஒரு தெருவில் முகப்பும் மறு தெருவில் பின்கட்டும் திறக்கும் நீண்ட வீடுகள் நிறைந்த நம் ஊர்த் தெருக்களில், வாசலுக்கு நேராக வண்டியைத் திருப்ப இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் போக வேண்டியிருக்கும். அவசரத்தில் வண்டி பின்னோக்கி உருண்டுகொண்டிருக்கும்போதே டி-க்குத் தள்ளுவது வழக்கமாகிவிடுகிறது. அப்போது பிரேக் செய்ய வேண்டிய வேலையைக் கியர்பாக்ஸின் உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகள் செய்கின்றன. பிரேக்கைப் பிடித்து, நிறுத்தி, கியரை மாற்றி, அது பிடிப்பதை உணர ஒரு நொடி விட்டு, அதன்பின் ஆக்சிலேட்டரைத் தொடுங்கள்.

ஊர்ந்து செல்வது: இங்கே அதிகம் தேய்ப்பது இதுதான்

என் கணிப்பில், செட்டிநாட்டில் ஏ.எம்.டி. வண்டிகளையும் உலர் கிளட்ச் வண்டிகளையும் மற்ற எல்லாவற்றையும்விட வேகமாகத் தேய்ப்பது நடை வேகத்தில் ஊர்வதுதான். விநாயகர் சதுர்த்தி நாளில் பிள்ளையார்பட்டிச் சாலையிலும், முகூர்த்த நாள் மாலையில் காரைக்குடிக் கடைவீதியிலும் வண்டி மணிக்கு நான்கைந்து கிலோமீட்டர் வேகத்தில்தான் நகரும். முதல் கியரில் கிளட்ச் முழுவதும் பிடித்து ஓட இந்த வேகம் போதாது. எனவே கருவி கிளட்சைப் பாதி பிடித்தும் பாதி விட்டும் வைத்துக்கொண்டு வண்டியை நகர்த்துகிறது. அந்த நேரம் முழுவதும் தட்டு உராய்ந்துகொண்டே இருக்கிறது. மேனுவல் வண்டியில் அரைக் கிளட்சில் ஓட்டாதே என்று சொல்லிக் கொடுப்பார்கள் அல்லவா, இங்கே அதே அரைக் கிளட்ச் உங்கள் கண்ணில் படாமல் நடக்கிறது.

இதற்கான வழி எளியது. முன்னால் இருக்கும் வண்டி ஓரடி நகர்ந்ததும் நீங்களும் ஓரடி நகராதீர்கள். பிரேக்கை நன்றாக அழுத்தி நில்லுங்கள். உறுதியாகப் பிரேக் பிடித்திருக்கும்போது ஏ.எம்.டி.யும் இரட்டைக் கிளட்சும் தம் கிளட்சை முழுவதுமாக விட்டுவிடுகின்றன. பிரேக்கை அரைகுறையாக விட்டுப் பிடிப்பதுதான் கிளட்சை உராயவிடுகிறது. இரண்டு மூன்று வண்டி நீளம் இடைவெளி கிடைத்தபின், தயங்காமல் கிளம்பி, அந்த இடைவெளியை ஒரே மூச்சில் கடந்து, மீண்டும் முழுமையாக நில்லுங்கள். பின்னால் இருப்பவர் ஹாரன் அடிக்கலாம்; பொருட்படுத்த வேண்டாம். நெரிசல் ஒரே சீராக மெல்ல நகருமானால் ‘எம்’ நிலையில் முதல் கியரிலேயே வைத்துக்கொள்வது, ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையே மாறி மாறித் தவிப்பதைத் தடுக்கும்.

தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடியோடு குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடப்பவர்களுக்குத் துணையாக வண்டி எடுத்துச் செல்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாக, நடப்பவர்களின் பின்னாலேயே மணிக்கணக்கில் வண்டியை ஊர்ந்து செலுத்துவது உலர் கிளட்சுக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய கொடுமை. அதற்குப் பதிலாக மூன்று நான்கு கிலோமீட்டர் முன்னே சாதாரண வேகத்தில் ஓட்டிச் சென்று, நிழலான இடத்தில் ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, நடப்பவர்கள் வந்து சேரும்வரை காத்திருங்கள். தண்ணீரும் மருந்தும் அவர்களுக்கு அங்கே கிடைத்தால் போதுமானது. கூடவே ஊர்ந்துதான் ஆக வேண்டும் என்றால், அந்த வேலைக்கு டார்க் கன்வர்ட்டர் வண்டியைத் தேர்ந்தெடுங்கள். அதில் வழுக்குவது ஆயில்தான், தட்டு அல்ல. சூடாகுமே தவிர உடனே தேயாது.

சரிவில் நிற்பதும் நிறுத்துவதும்

தெருமட்டத்திலிருந்து உயர்த்திக் கட்டிய நம் வீடுகளில், வண்டியை உள்ளே ஏற்றப் பெரும்பாலும் ஒரு செங்குத்தான சரிவு இருக்கும். கதவைத் திறக்க ஆள் வரும்வரை அந்தச் சரிவில் பிரேக்கைப் பிடிக்காமல், ஆக்சிலேட்டரை இலேசாக அழுத்தியே வண்டியை நிறுத்தி வைப்பது பலருக்கும் உள்ள பழக்கம். ஏ.எம்.டி.யிலும் இரட்டைக் கிளட்சிலும் ஒரு நிமிடம் இப்படி நிறுத்தினாலே கிளட்ச் கருகும் வாடை வந்துவிடும். கதவு திறந்தபின் கீழிருந்தே கிளம்புவது நல்லது. சரிவில் நிற்க நேர்ந்தால் பிரேக்கிலோ ஹேண்ட் பிரேக்கிலோ நிறுத்துங்கள். மேட்டில் பின்னோக்கி உருளாமல் பிடிக்கும் வசதி உங்கள் வண்டியில் இருந்தாலும், அது பொதுவாக இரண்டு மூன்று நொடிகளுக்கு மட்டுமே பிடித்துக்கொள்ளும்.

பி நிலையில் வண்டியைப் பிடித்து வைப்பது கியர்பாக்ஸின் உள்ளே ஒரு பல்சக்கரத்தில் விழும் சிறு இரும்புக் கொக்கி மட்டுமே. சரிவில் நேரடியாக பி-க்குத் தள்ளிப் பிரேக்கை விட்டால் வண்டியின் முழுப் பாரமும் அந்தக் கொக்கியின் மேல் சாய்கிறது; மறுநாள் கியரை எடுக்கும்போது ‘டக்’ என்ற சத்தத்துடன் அது விடுபடுவதைக் கேட்பீர்கள். சரியான வரிசை இதுதான்: கால் பிரேக்கைப் பிடித்து நிறுத்துங்கள், என்-க்கு மாற்றுங்கள், ஹேண்ட் பிரேக்கை இழுங்கள், கால் பிரேக்கை மெல்ல விட்டு வண்டியின் பாரம் ஹேண்ட் பிரேக்கில் உட்காரட்டும், மீண்டும் கால் பிரேக்கைப் பிடித்து பி-க்கு மாற்றுங்கள். வண்டி முழுவதும் நிற்பதற்கு முன் பி-யைத் தொடவே கூடாது.

வெயிலும் பாரமும்

டார்க் கன்வர்ட்டர் கியர்பாக்ஸின் ஆயில் பொதுவாக 80 முதல் 95 டிகிரி வெப்பத்தில் வேலை செய்யும்படி அமைக்கப்பட்டது. 120 டிகிரியைத் தாண்டினால் அது வேகமாகச் சிதைந்து, வழுவழுப்பை இழந்து, ரப்பர் சீல்களையும் இறுகச் செய்கிறது. சித்திரை, வைகாசியில் 38 டிகிரிக்கு மேல் போகும் நம் ஊர் வெயிலில், ஏழு பேரும் சீர்வரிசைப் பாத்திரங்களுமாக வண்டியை நிரப்பிச் செல்லும்போது அந்த எல்லை நெருங்குகிறது. டிக்கி நிறைய ஆத்தங்குடி டைல்ஸ் ஏற்றிச் செல்பவர்கள், இடம் இருக்கிறதா என்று பார்க்கிறார்களே தவிர எடை எவ்வளவு என்று பார்ப்பதில்லை. சிமெண்ட் டைல்ஸ் பார்வைக்குத் தெரிவதைவிடப் பாரம் மிகுந்தது. கையேட்டில் சொல்லப்பட்ட எடைக்குமேல் போகுமானால் ஒரு லோடு ஆட்டோவை அழைப்பதே சிக்கனம்.

கல்யாண மண்டப வாசலில் ஏசி போட்டுக்கொண்டு காத்திருக்கும்போது பலர் டி-யிலேயே வைத்துப் பிரேக்கை மிதித்தபடி இருப்பதைப் பார்க்கலாம். ஒரு நிமிடத்துக்குள் கிளம்பும் சிக்னலில் டி-யில் பிரேக்கோடு நிற்பதில் தவறில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் என்-க்கும் டி-க்கும் மாற்றிக்கொண்டிருந்தால்தான் தேவையில்லாத தேய்மானம். ஆனால் அதைவிட நீண்ட காத்திருப்பு என்றால் பி-க்கு மாற்றுங்கள், ஏ.எம்.டி.யில் என்-க்கு மாற்றி ஹேண்ட் பிரேக் போடுங்கள். ரேடியேட்டருக்கு முன்னால் ஆயில் குளிர்விப்பான் உள்ள வண்டிகளில், செம்மண் தூசியும் பூச்சிகளும் சருகும் அதன் இடுக்குகளை அடைத்துவிடும். சர்வீஸில் அதை அழுத்தம் குறைந்த தண்ணீரால் கழுவச் சொல்லுங்கள்.

பூட்டிய வீட்டில் நிற்கும் வண்டி

ஆண்டில் பல மாதங்கள் பூட்டியிருக்கும் வீடுகளில் நிற்கும் வண்டிகளுக்கு ஓட்டத்தால் வரும் தேய்மானத்தைவிட நிற்பதால் வரும் கேடே அதிகம் என்று நான் கருதுகிறேன். ஆயில் மேல்பாகங்களிலிருந்து வடிந்து கீழே தேங்கிவிடும்; பேட்டரி இறங்கிவிடும். பேட்டரியின் அழுத்தம் குறைந்தால் ஏ.எம்.டி., இரட்டைக் கிளட்ச் ஆகியவற்றின் கருவிகள் சரியாக இயங்காமல் கியர் எச்சரிக்கை விளக்கு எரியும். கியர்பாக்ஸே போய்விட்டது என்று பயந்து, பேட்டரியைச் சோதிக்காமலே பெரிய பழுதுக்குச் சம்மதிப்பவர்கள் இருக்கிறார்கள். முதலில் பேட்டரியைப் பாருங்கள்.

வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் வண்டியை நிற்கவைத்து இன்ஜினை மட்டும் பத்து நிமிடம் ஓடவிடச் சொல்வதைவிட, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடையே ஒரு நடை போய்வரச் சொல்வது மேலானது. ஆயில் முழுவதும் சூடாகி எல்லாப் பாகங்களையும் நனைப்பது ஓடும்போதுதான். நீண்ட நாள் நின்ற வண்டியை நீங்களே எடுக்கும்போது, முதலில் தரையில் சிவப்பு நிறச் சொட்டு இருக்கிறதா என்று கீழே குனிந்து பாருங்கள். எலி ஒயரைக் கடித்திருக்கிறதா என்பதையும் பானெட்டைத் திறந்து பார்த்துவிடுங்கள். ஸ்டார்ட் செய்தபின் ஒரு நிமிடம் அப்படியே விட்டு, முதல் சில கிலோமீட்டர் மென்மையாக ஓட்டுங்கள். பேட்டரி இறங்கிய ஆட்டோமேட்டிக் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முயல வேண்டாம். டார்க் கன்வர்ட்டரும் சி.வி.டி.யும் அப்படிக் கிளம்பாது. இன்னொரு பேட்டரியிலிருந்து கேபிள் கொடுப்பதே வழி.

மழைக்காலமும் கண்மாய்க் கரையும்

ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய்க் கரையோரச் செம்மண் பாதைகள் சேறாகிவிடும். சக்கரம் புதைந்ததும் டி, ஆர், டி, ஆர் என்று வேகமாக மாற்றி ஆக்சிலேட்டரை அழுத்துவது, ஒருநாள் முழுவதும் ஓட்டுவதால் வரும் தேய்மானத்தைச் சில நிமிடங்களில் கொண்டுவந்துவிடும். சக்கரம் சேற்றில் வெறுமனே சுழன்று திடீரெனக் கட்டாந்தரையைப் பற்றும் அதிர்ச்சி, சி.வி.டி.யின் பெல்ட்டையும் கப்பியையும் கீறிவிடக்கூடியது. சக்கரத்தின் முன் பலகையோ கல்லோ கோணியோ போட்டு, ஒருமுறை இரண்டுமுறை மெல்ல முயன்று பாருங்கள். வரவில்லை என்றால் டிராக்டரை அழையுங்கள். தேங்கிய நீரில் சக்கரத்தின் பாதிக்குமேல் முங்கிப் போயிருந்தால் கியர்பாக்ஸின் காற்றுத் துளை வழியே தண்ணீர் புகுந்திருக்கலாம். ஆயில் பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தால் அதற்குமேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள்.

மலை ஏறும்போது

கொடைக்கானல் போகும்போது மட்டும் கவனித்தால் போதும். ஏற்றத்தில் கியர் மேலும் கீழுமாக மாறித் தவித்தால் மேனுவல் நிலையில் இரண்டிலோ மூன்றிலோ வைத்துக்கொள்ளுங்கள். இறக்கத்திலும் அதே கியரில் இன்ஜினே வண்டியைப் பிடிக்கட்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுவது பிழையான கணக்கு. கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரை விட்டால் இன்றைய இன்ஜின்கள் எரிபொருளை முற்றிலும் நிறுத்திவிடுகின்றன. நியூட்ரலில்தான் இன்ஜின் ஓடுவதற்கென்று எரிபொருள் செலவாகிறது.

ஆயில் மாற்றுவது

‘இந்த ஆயில் வாழ்நாள் முழுவதும் போதும், மாற்றவே வேண்டாம்’ என்று சர்வீஸில் சொன்னால் நம்பாதீர்கள். கையேட்டில் கடுமையான பயன்பாடு என்றொரு பகுதி இருக்கும். வெப்பம், தூசி, குறுகிய தூர ஓட்டம், மிகுந்த பாரம் ஆகியவற்றை அது குறிக்கும். இவை அனைத்தும் நம் ஊரில் இருக்கின்றன. பொதுவாக டார்க் கன்வர்ட்டரில் 60,000 கிலோமீட்டருக்கும், சி.வி.டி.யில் 40,000 முதல் 50,000 கிலோமீட்டருக்கும் ஒருமுறை மாற்றுவது பாதுகாப்பானது. உங்கள் கையேடு அதைவிடக் குறைவாகச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். சி.வி.டி.க்கு அதற்குரிய ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயிலை ஊற்றினால் பெல்ட் வழுக்கிக் கியர்பாக்ஸே வீணாகும். ஆகவே திறக்கப்படாத டப்பாவைக் கண்ணால் பார்த்து, அதன் பெயரைக் கையேட்டோடு ஒப்பிட்டபின் ஊற்றச் சொல்லுங்கள். டார்க் கன்வர்ட்டரில் கீழ்த் துளையைத் திறந்தால் ஏறத்தாழப் பாதி ஆயில்தான் வெளியே வரும், மீதி உள்ளேயே தங்கும். எனவே முதல்முறை மாற்றியபின் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டி மறுபடி மாற்றுவது வீண்செலவு அல்ல. அடித்தட்டின் காந்தத்தில் சாம்பல்நிறக் குழைவு ஒட்டியிருப்பது இயல்பே. விரலில் குத்தும் உலோகத் துணுக்குகள் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

எப்போது நிறுத்த வேண்டும்

இன்ஜின் சத்தம் எகிறியும் வேகம் ஏறாதது, டி-க்கு மாற்றியபின் ஓரிரு நொடி தாமதித்துப் பிடிப்பது, 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் கரடுமுரடான சாலையில் போவதுபோன்ற நடுக்கம், கருகிய வாடை ஆகிய நான்கில் ஒன்று தெரிந்தாலும் ஒத்திப்போட வேண்டாம். எந்த வேகத்தில், வண்டி சூடாகும் முன்பா பின்பா, ஏற்றத்திலா சமதளத்திலா என்று குறித்துவைத்து மெக்கானிக்கிடம் கொடுங்கள். ‘ஏதோ இழுக்குது’ என்று மட்டும் சொன்னால் அவரால் கண்டுபிடிக்க முடியாது. வெப்ப எச்சரிக்கை விளக்கு எரிந்தால் பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி பி-க்கு மாற்றுங்கள். டார்க் கன்வர்ட்டர் வண்டியில் கையேடு வேறு சொல்லாதவரை இன்ஜினை அணைக்காமல் ஓடவிடுங்கள், அப்போதுதான் பம்ப் இயங்கி ஆயில் குளிர்விப்பான் வழியே சுற்றும்.

வண்டி வழியில் நின்றுவிட்டால், மெக்கானிக் கடைவரை கயிறு கட்டி இழுக்க உதவிக்கு வருபவர்கள் நல்லெண்ணத்தோடுதான் முன்வருவார்கள். ஆனால் இன்ஜின் ஓடாதபோது ஆயில் பம்பும் ஓடாது. முன்சக்கரங்கள் தரையில் உருள, உள்ளே பாகங்கள் ஆயிலின்றி உலர்ந்து சுழன்று, சில கிலோமீட்டரிலேயே நல்ல கியர்பாக்ஸும் கெட்டுவிடும். முன்சக்கரத்தால் ஓடும் வண்டியென்றால் அந்தச் சக்கரங்கள் இரண்டையும் தூக்கித்தான் இழுக்க வேண்டும். எந்த வகை என்று ஐயம் இருந்தால், நான்கு சக்கரங்களையும் மேலே ஏற்றிக்கொள்ளும் லாரி மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வரும்வரை, எவ்வளவு நேரமானாலும் காத்திருங்கள். காப்பீட்டில் சாலையோர உதவி சேர்ந்திருக்கிறதா என்பதையும், அந்தத் தொலைபேசி எண்ணையும் இன்றே பார்த்து எழுதி, கையேட்டோடு வண்டியின் டேஷ்போர்டில் வைத்துவிடுங்கள்.